விருந்தும் விலையும்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதுவகையாக யாக்கப்படும் நூலையும் தொல்காப்பியம் விருந்து என்றே வழங்கும். அச்சொல் புதிதாய் வந்தவரைக் குறித்தது. பின்னர் அவருக்கு இடும் உணவையும் குறித்தது. இன்று நகரங்களில் பெரும்பாலும் உணவை மட்டுமே குறிக்கிறது. வந்தவர் மறைய, வாழையிலை மட்டும் எஞ்சியது போன்ற நிலை இது. ஒரு சொல்லின் பொருள் சுருங்கும்போது அதனைப் பேசுவோரின் உள்ளமும் உடன் சுருங்குகிறதோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயம் ஒரு வினாவாக உருக்கொண்டது சென்ற ஆண்டு, ஜோர்தான் நாட்டுப் பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில். விலை பெற்று அளிக்கும் விருந்து விருந்தாகுமா? விலை பெறாமல் அளித்துவிட்டால் மட்டும் ஒன்று விருந்தாகிவிடுமா?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வருகிறோம். எம்மனோர்க்கு விருந்தோம்பல் என்பது குறளின் ஓர் அதிகாரம் மட்டுமன்று. விதிநூலின் ஒரு பகுதியும் ஆகும். 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளுள் பதின்மூன்றாம் விதி அன்பளிப்பைப் பற்றியது. தற்செயலாக உண்ணும் ஒரு வேளை உணவும், வழியில் ஒருவர் தம் வண்டியில் ஏற்றிச் செல்வதும், இவை போன்ற உபசரிப்பும் அன்பளிப்பாகா என்று அவ்விதி விலக்களிக்கிறது. அலுவல் தொடர்பு உடையவர் அளிக்கும் ஆடம்பர உபசரிப்பைத் தவிர்க்கவேண்டும் என்றும் கூறுகிறது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமோ 'அயல்நாட்டு விருந்தோம்பல்' என்னும் தொடருக்கு இலக்கணமே வகுத்து, அரசு ஊழியர் அதனை ஏற்பதற்கு முன்னிசைவு பெறவேண்டும் என்கிறது. அங்கும் முற்றிலும் தற்செயலான உபசரிப்புக்கு விலக்கு உண்டு.

ஜோர்தானின் ஒரே துறைமுகமாகிய அகாபாவில் பணிபுரியும் எம் மைத்துனர் எம்மையும் எம் மனைவியையும் அழைத்தபோது, முறைப்படி இசைவுக்கு விண்ணப்பித்தோம். பயணத்தின் நோக்கம், தங்கும் நாட்கள், செலவை ஏற்பவர் என்று கட்டம் கட்டமாக நிரப்பினோம். மைத்துனர் இந்தியக் குடிமகன் ஆதலால் அவர் வீட்டுச் சோறு அயல்நாட்டு விருந்தோம்பல் ஆகாது என்று தெளிந்து ஆறுதல் கொண்டோம். பிறர் நிரப்பிய இத்தகைய கட்டங்களைச் சரிபார்ப்பதே நம் அன்றாடத் தொழில். நோக்கம் எழுதாத விண்ணப்பம் நம் மேசையைக் கடந்ததில்லை.

அகாபாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வாடி ரம். வாடி என்பது அரபு மொழியில் பள்ளத்தாக்கு. பாலை என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது மணற்பரப்பு. அங்கோ மணலினின்று மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அடியில் கருங்கல், அதன்மேல் ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகட்கு முன் படிந்த மணற்கல். இரும்புச்சத்து அதற்குச் செம்மை தந்திருக்கிறது. காற்றும், எப்போதோ பெய்யும் மழையும் அரித்தரித்து, மெழுகு உருகி வழிந்தது போன்ற சுவர்களையும், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய பிளவுகளையும், வானத்தில் வளைந்து நிற்கும் கற்பாலங்களையும் ஆக்கியிருக்கின்றன. ரம் மலை 1,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. தெற்கே சவூதி எல்லையை ஒட்டிய உம் அத்தாமி 1,854 மீட்டர்; அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. மாலை வெயிலில் அம்மலைகள் செங்கல் நிறத்திலிருந்து ஊதாவுக்கு மாறுவதைக் கண்ட எம் மனைவி, நெடுநேரம் பேச்சற்று நின்றார்.

இயற்கைச் சிறப்பும் பண்பாட்டுச் சிறப்பும் ஒருங்கே உடையது என்று 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பாறைகளில் ஏறத்தாழ 25,000 செதுக்கோவியங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் காணப்படுகின்றன. பன்னீராயிரம் ஆண்டுகளாக மனிதர் இங்கு வந்து போயிருக்கின்றனர். கஸலி என்னும் பிளவினுள் ஒட்டகங்களையும், மனித உருவங்களையும், காலடிகளையும் கண்டோம். இப்பாலையின் பழைய பொறிப்புகளுள் மிகப் பல, 'இன்னார் மகன் இன்னார்' என்னும் அளவிலேயே முடிகின்றன. வழிப்போக்கர் ஒருவர் நிழலில் அமர்ந்து தம் பெயரையும் தந்தை பெயரையும் எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறார். எதற்காக வந்தார் என்பது அதில் இல்லை.

நம் இலக்கண நூலோர் பாலைக்கு உரியனவாக வகுத்தவை பிரிவும், நீரற்ற வழியும், வழிப்பறி செய்யும் ஆறலை கள்வரும் ஆகும். அரேபியப் பாலையிலும் கொள்ளை இருந்தது. ஒரு குலம் மற்றொரு குலத்தின் ஒட்டகங்களைக் கவர்ந்து செல்வது வீரமாகவே கருதப்பட்டது. ஆயினும் அதே நிலத்தில் மற்றோர் அறமும் வளர்ந்தது. கூடாரத்தின் வாயிலுக்கு வந்துவிட்டவன் பகைவனே ஆயினும் அவனுக்கு நீரும் உணவும் காவலும் அளிக்கவேண்டும் என்பது அது. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத நிலத்தில், வந்தவனைத் திருப்பி அனுப்புதல் அவனைக் கொல்லுதற்கு ஒப்பாகும். இன்று வாயிலில் நிற்பவன் அவன். நாளை அவன் வாயிலில் நிற்கப்போவது நாம். பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதை நமக்கு எப்படியோ, அப்படி அரபியர்க்கு ஹாத்திம் தாயியின் கதை. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தில் வாழ்ந்த அவர், விருந்தினர்க்கு அளிக்க வேறொன்றும் இல்லாதபோது தம் அருமைக் குதிரையையே அறுத்து உணவாக்கினார் என்பர்.

இந்த அறத்துக்கு நுணுக்கமான ஒழுங்குகள் உண்டு. ஆட்டுமயிரால் பெண்டிர் நெய்த கருங்கூடாரத்தில் விருந்தினர்க்கென ஒரு பகுதி எப்போதும் ஒதுக்கப்பட்டிருக்கும். காப்பிக்கொட்டையை அவர் முன்னிலையிலேயே வறுத்து, உரலில் இடித்து, ஏலம் சேர்த்துக் காய்ச்சுவர். அந்த இடியோசையே அக்கம்பக்கத்தார்க்கு 'விருந்து வந்துளது' என்னும் அறிவிப்பாகும். சிறு கிண்ணத்தில் அடியில் சிறிதளவே ஊற்றுவர். நிறைய ஊற்றுதல், 'குடித்துவிட்டுப் புறப்படு' என்பதற்கு ஒப்பாம். போதும் என்றால் விருந்தினர் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் கொடுக்கவேண்டும். அசைக்காத வரையில் மீண்டும் ஊற்றுவர். எல்லாவற்றினும் நம்மை ஈர்த்தது ஒன்று உண்டு. வந்தவரை, 'நீ யார், எதற்காக வந்தாய்?' என்று மூன்று நாட்கள் கேளாதிருத்தல் பழைய மரபு.

இவற்றையெல்லாம் நூல்களில் படித்துக்கொண்டு சென்ற நாம், முதலில் ஏமாற்றமே அடைந்தோம். பள்ளத்தாக்கின் வாயிலில் நுழைவுக் கட்டணம். உள்ளே ஜீப்புக்கு மணிக் கணக்கில் வாடகை. ஒட்டகச் சவாரிக்குத் தனிக் கட்டணம். இரவு தங்கும் கூடாரத்துக்கும், மணலில் குழி தோண்டிப் புதைத்துச் சமைக்கும் 'ஸர்ப்' என்னும் இறைச்சி உணவுக்கும் அச்சிட்ட விலைப்பட்டியல். 1962இல் வெளியான 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' திரைப்படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. முதல் உலகப் போரின்போது அரபியரோடு சேர்ந்து போரிட்ட அந்த ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கி இன்று ஓர் ஊற்று இருக்கிறது. அவர் எழுதிய நூலின் பெயரைத் தாங்கி ஒரு மலை இருக்கிறது. மலைக்குப் பெயர் பின்னாளில் சூட்டப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயணிகளை அழைத்துச் செல்கின்றனர். கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் ரம் சிற்றூரில் சிமெண்டு வீடுகளில் வாழ்கின்றனர். கருங்கூடாரம் பயணியர்க்காக அடிக்கப்படுகிறது. "விருந்தோம்பலுக்கும் பட்டியல் வந்துவிட்டதே!" என்று மைத்துனரிடம் குறைபட்டுக்கொண்டோம். அவர் சிரித்து, "நீங்கள் தலைநகரிலிருந்து இலவசமாக வந்தீர்களா, அத்தான்?" என்றார்.

மறுநாள் பிற்பகலில் நிகழ்ந்தது இது. நம் ஜீப் ஒரு மணல்மேட்டின் சரிவில் புதைந்தது. ஓட்டுநராகிய இளைஞர் சக்கரத்தின் காற்றைக் குறைத்தும், மணலை அகற்றியும், ஒரு மணி நேரம் பாடுபட்டு அதனை மீட்டார். அதற்குள் காற்று எழுந்து மணல் கண்ணை மறைத்தது. பட்டியலில் இல்லாத ஒரு திசையில் வண்டியைச் செலுத்தி, பாறை நிழலில் இருந்த ஒரு தனிக் கூடாரத்தின் முன் நிறுத்தினார். உள்ளே முதியவர் ஒருவர். சில ஆடுகள் பின்புறம் ஒண்டிக் கிடந்தன. அவர் எழுந்து வந்து கை பற்றி நம்மை அமர்த்தினார். தாம் முதலில் சுவைத்துப் பார்த்துவிட்டு நமக்குக் காப்பி ஊற்றினார். கிண்ணத்தை அசைக்கும் வழக்கத்தைப் படித்திருந்தும் மறந்துபோய், நான்காம் முறையும் வாங்கிக் குடித்தோம். பின்னர் ரொட்டியும் ஆட்டுப்பாலில் செய்த தயிரும் வந்தன. காற்று அடங்கும்வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அங்கே இருந்தோம். அவர் நம் நாட்டைக் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை, எதற்கு வந்தோம் என்றும் கேட்கவில்லை. பயணம் களைப்பாக இருந்ததா என்றும், இன்னும் சிறிது உண்ணக்கூடாதா என்றும் மட்டுமே கேட்டார். மைத்துனர் தமக்குத் தெரிந்த அரபியில் விடை சொன்னார்.

புறப்படும்போது ஐந்து தினார் தாளை எடுத்து நீட்டினோம். முதியவர் சினம் கொள்ளவில்லை. அத்தாளைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பி ஆடுகளைப் பார்த்தார். சினந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். ஜீப்பில் ஏறிய பிறகு ஓட்டுநர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கூறியதன் கருத்து இது: "ஜீப்புக்கு விலை உண்டு. என் உழைப்புக்கு விலை உண்டு. அதைக் குறைத்துக் கொடுத்தால் நான் சண்டை போடுவேன். அந்தக் காப்பிக்கு விலை இல்லை."

அன்றிரவு குளிரில் கூடாரத்துக்கு வெளியே அமர்ந்து எண்ணிப் பார்த்தோம். விலைப்பட்டியலைக் கண்டு நாம் வருந்தியது நேர்மையன்று எனத் தோன்றியது. பெத்ரா, வாடி ரம் பகுதிப் பெதூயின் மக்களின் பண்பாட்டு வெளியை 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பண்பாட்டுச் செல்வம் என்பதற்காக ஒரு மக்கள் பள்ளிக்கூடமும் மருத்துவமும் வீடும் இன்றி மணலில் திரிய வேண்டுமா? மேய்ச்சல் குன்றிய நிலத்தில், வந்து போகும் பயணியர் எல்லார்க்கும் இலவசமாக ஆடு அறுத்தால் அவர்கள் ஒரு மாதம் வாழ முடியுமா? வளமான நாடுகளிலிருந்து வானூர்தியில் வருபவர், ஏழை ஒருவரின் அறத்தைக் கூலியின்றித் துய்க்க விரும்புதல் விருந்தாகாது, அது சுரண்டலே. உழைப்புக்கு விலை கேட்பதில் இழிவில்லை. விலைப்பட்டியல் அந்த மக்களின் மானத்தைக் காக்கும் ஓர் ஏற்பாடே எனலாம்.

அப்படியாயின் விருந்து எங்கே இருக்கிறது? பட்டியலுக்கு வெளியே, சிறியதாயினும் ஒன்றை விற்பனைக்கு இல்லை என்று ஒதுக்கி வைத்திருப்பதில் இருக்கிறது. அந்த முதியவரிடம் இருந்தவை சில ஆடுகள். அவற்றின் பாலையும் கிடாய்க் குட்டியையும் அவர் விற்கக்கூடும், விற்கவும் வேண்டும். வழி தவறி வந்தவனுக்கு ஊற்றும் காப்பியை மட்டும் அவர் விற்கமாட்டார்.

இங்கு ஒரு தடை எழலாம். பாலையில் விருந்தோம்பல் என்பது ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் காப்பீடு அன்றோ? இன்று நான் தருகிறேன், நாளை நீ தருவாய் என்னும் கணக்குத்தானே அது? தேவை கற்பித்த ஒழுக்கத்தை அறம் என்று போற்றுவானேன்? இத்தடை வலியதே. ஆயினும் தோன்றிய காரணம் ஒன்று, நிலைத்து நிற்கும் காரணம் வேறொன்று. தாய் பிள்ளையை வளர்ப்பதும் இயற்கையின் தேவைதான். அதனால் தாயன்பு பொய்யாகிவிடுமா? மேலும், ரம் பள்ளத்தாக்கின் முதியவர் நம் வாயிலுக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. அவர் ஊற்றிய காப்பிக்கு ஈடு அவருக்குத் திரும்பாது. திரும்பாது என்று தெரிந்தும் ஊற்றினார். காப்பீடு அங்கே முடிந்துவிடுகிறது.

நம் நடத்தை விதிகளும் ஆராய்ந்து பார்த்தால் இதற்கு முரணானவை அல்ல. அவை அஞ்சுவது ஈடு எதிர்பார்க்கும் உபசரிப்பை. ஒப்பந்தம் வேண்டுபவர் இடும் விருந்தில் இலை பெரிதாக இருக்கும்; பின்னால் கோப்பு ஒன்றும் இருக்கும். தற்செயலான ஒரு வேளை உணவை விதி விட்டுவிடுகிறது. முதியவரின் காப்பி சட்டப்படியே தற்செயலானது. ஆகவே விருந்தை அளக்கும் கோல் பணம் பெற்றாரா இல்லையா என்பதன்று. மனத்துள் கணக்கு எழுதினாரா இல்லையா என்பதே. பணம் பெறாமலே கணக்கு எழுதுவோர் உண்டு. அவர்களுள் நாமும் ஒருவர் என்பதே அவ்விரவில் நாம் கண்டுகொண்ட கசப்பான செய்தி.

சில ஆண்டுகட்கு முன் எம் பெரியப்பா, கண் அறுவை மருத்துவத்துக்காகத் தலைநகருக்கு வந்தார். எம் தந்தையார் இறந்த பின் எம்மைப் பி.ஏ. வரை படிக்க வைத்தவர் அவர். அரசுக் குடியிருப்பில் இரண்டு அறைகள். பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். பெட்டியை வாங்கி வைத்தோம், "வாருங்கள் பெரியப்பா" என்றோம், அடுத்து நாம் கேட்டது, "திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டதா?" என்பது. அக்கறையோடு கேட்டதாகவே நம்மை நாமே நம்பவைத்துக்கொண்டோம். "எடுத்துவிட்டேன் அப்பா, பதினோராம் நாள்" என்றார் அவர், செருப்பைக் கழற்றுமுன்பே. அவர் உண்ட உணவுக்கு நாம் விலை பெறவில்லை. ஆனால் சுவரில் தொங்கிய நாட்காட்டியை நாம் எத்தனை முறை பார்த்தோம் என்பதைக் கட்டுப் போட்ட கண்ணோடும் அவர் கண்டிருப்பார். ஒன்பதாம் நாளே, உடல் தேறிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அடுத்த மறுபரிசோதனைக்கு அவர் வரவில்லை. ஊரிலேயே பார்த்துக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். இன்று அவர் இல்லை.

பாலைவன முதியவர் கேளாத வினாவும், நாம் முதலில் கேட்ட வினாவும் ஒன்றே. நோக்கம் என்ன, தங்கும் நாட்கள் எத்தனை என்னும் கட்டங்களை அலுவலகத்தில் நிரப்பச் செய்வது நம் கடமை. அந்தக் கட்டங்களை வீட்டு வாயிலுக்கும் கொண்டுவந்தோமே, அதுதான் பிழை. வறுமையினால் கேட்டோம் என்று சொல்லவும் வாயில்லை. அந்தக் கூடாரத்தின் பொருளெல்லாம் எம் சமையலறை அலமாரி ஒன்றில் அடங்கிவிடும்.

விருந்தோம்புவார்க்கு மட்டுமே அறம் உண்டு என்பதன்று, விருந்தினர்க்கும் உண்டு. கிண்ணத்தை அசைத்தல் அவருடைய கடமை. மூன்று நாள் கேளாமை என்னும் மரபிலேயே, நான்காம் நாள் கேட்கலாம் என்னும் எல்லையும் அடங்கியிருக்கிறது. அப்பகுதியின் நிலத்தடியில், பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் பெய்த மழை 'திசி' என்னும் நீர்த்தேக்கமாய்த் தங்கியுள்ளது. 2013ஆம் ஆண்டு முதல் அந்நீர் ஏறத்தாழ 325 கிலோமீட்டர் குழாய் வழியாகத் தலைநகர் அம்மானுக்குச் செல்கிறது. ஆண்டுக்குப் பத்துக் கோடி கனமீட்டர் என்பது திட்டத்தின் அளவு. தாகமுள்ள நகருக்கு நீர் வேண்டும். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் இறைத்த நீருக்கு ஈடாக அங்கே மழை பெய்வதில்லை. அந்த நிலத்திடம் விருந்துண்ணும் நகரமும் கிண்ணத்தை எப்போது அசைப்பது என்று அறிந்திருத்தல் வேண்டும். நான்காம் கிண்ணத்தையும் வாங்கிக் குடித்த நமக்கு இதனைப் பிறர்க்குச் சொல்லும் தகுதி குறைவே; இருப்பினும் சொல்லிவைக்கிறோம்.

ஊர் திரும்பியபின் அலுவலகத்தில் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டவர்க்கெல்லாம் கற்பாலங்களின் படங்களைக் காட்டினோம். ஐந்து தினார் தாளைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் எம்மிடம் இருக்கிறது. மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

சென்ற மாதம் பெரியப்பாவின் பேரன் போட்டித் தேர்வு எழுதுவதற்காக வந்திருந்தான். இரவு பத்து மணிக்கு, முன்னறிவிப்பு ஏதுமின்றி, தோளில் ஒரு பையோடு வாயிலில் நின்றான். கதவைத் திறந்தவுடன் அந்தப் பழைய வினா பழக்கத்தினால் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. பையன் அதற்கு விடையைக்கூட ஆயத்தமாக வைத்திருந்தான் போலும், "சித்தப்பா, தேர்வு முடிந்தவுடன்..." என்று தொடங்கினான். "அது இருக்கட்டும். முதலில் உள்ளே வா; காப்பி குடிப்பாயா, சாப்பிடுவாயா?" என்றோம். எத்தனை நாள் என்று அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நான்காம் நாளும் கேட்கவில்லை.